வயர்லெஸ் தள நிலையமும் தொலைபேசிக் கம்பியும்: நடுவில் இருக்கும் பெட்டி என்ன செய்கிறது?

வயர்லெஸ் கருவியில் பேசுபவர் தம் பேச்சை முடிக்கும்போது "ஓவர்" என்று சொல்வதைத் திரைப்படக் காவலர்கள் வழியாக நாம் எல்லோரும் அறிந்திருக்கிறோம். தொலைபேசியில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் செய்தி முழுவதும் ஏறக்குறைய அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. வயர்லெஸில் பேசுவதற்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியிருக்கும் வரை கருவி ஒலிபரப்பும், விட்டதும் கேட்கத் தொடங்கும். தொலைபேசியில் அப்படியொரு பொத்தானே கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், குறுக்கிடலாம், சண்டைகூடப் போடலாம். ஆகவே ஒரு வயர்லெஸ் தள நிலையத்தை, அதாவது வண்டிகளிலும் கைகளிலும் உள்ள வயர்லெஸ் கருவிகளோடு பேசும் நிலையான மைய நிலையத்தை, சாதாரண அனலாக் தொலைபேசிக் கம்பியோடு இணைக்க முற்படும்போது ஒலியை இங்கிருந்து அங்கு கடத்துவது சிறிய வேலையாகவும், இப்போது யார் பேசும் முறை என்பதைத் தீர்மானித்து அதை மறுமுனைக்குத் தெரிவிப்பது பெரிய வேலையாகவும் அமைகிறது.

முதலில் கம்பியின் இயல்பைப் பார்ப்போம். தொலைபேசி இணைப்பகத்திலிருந்து வீட்டுக்கு வருவது இரண்டு செம்புக் கம்பிகள் மட்டுமே. தொலைபேசி வைக்கப்பட்டிருக்கும்போது அவற்றின் குறுக்கே இணைப்பகத்தின் பேட்டரி ஏறத்தாழ 48 வோல்ட் நேர் மின்னழுத்தத்தை (டிசி) கொடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் மின்னோட்டம் இராது. தொலைபேசியின் பிடியை எடுத்தவுடன் கருவிக்குள் ஒரு சுற்று மூடிக்கொள்கிறது, இருபது மில்லி ஆம்பியர் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட மின்னோட்டம் ஓடத் தொடங்குகிறது, அந்த ஓட்டத்தைக் கண்டுதான் இணைப்பகம் டயல் தொனியை அனுப்புகிறது. அழைப்பு வரும்போது அதே இரு கம்பிகளில் மாறுமின்னோட்டம் வருகிறது. அமெரிக்காவில் அது சுமார் 90 வோல்ட், நொடிக்கு 20 சுழற்சிகள். இந்தியாவில் சுமார் 75 வோல்ட், 25 சுழற்சிகள். மழை நாளில் ஈரக் கையோடு தொலைபேசி இணைப்பைத் தொட்டு, அந்நேரம் பார்த்து அழைப்பும் வந்துவிட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பேச்சு என்பது இந்த நேர்மின்னோட்டத்தின் மேல் ஏறி வரும் மெல்லிய அசைவு. 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்களே அதில் செல்ல இடம் உண்டு. இரு முனைகளிலும் பேசுபவர்களின் குரல்கள் இரண்டும் ஒரே இரு கம்பிகளில், ஒரே நேரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்தே இருக்கின்றன என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்கு அதுவே காரணம்.

தள நிலையத்தின் பக்கம் நிலைமை வேறு. அங்கே ஒலிபரப்பியும் வாங்கியும் தனித்தனிப் பொருள்கள். ஒலிபரப்பிக்கு ஒரு ஒலி உள்ளீடும், அதை இயக்க ஒரு கட்டளைக் கம்பியும் வேண்டும். வாங்கியிலிருந்து ஓர் ஒலி வெளியீடும், 'இப்போது யாரோ என் அலைவரிசையில் பேசுகிறார்கள்' என்று தெரிவிக்கும் ஒரு குறிக் கம்பியும் கிடைக்கும். ஆக நான்கு தனித்தனிப் பாதைகள் ஒரு பக்கம், எல்லாவற்றையும் கலந்து சுமக்கும் இரண்டே கம்பிகள் மறுபக்கம். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் பெட்டிக்கு ஆங்கிலம் பேசும் நாடுகளில் போன் பேட்ச் என்று பெயர் வந்துவிட்டது. தமிழிலும் வயர்லெஸ் ஆர்வலர்கள் அப்படியே சொல்கிறார்கள்.

பெட்டிக்குள் முதலில் வரவேண்டியது மின்சாரப் பிரிப்பு. தள நிலையத்தின் உலோகக் கூடு தரையோடு இணைக்கப்பட்டிருக்கும், தொலைபேசிக் கம்பிகளோ தரையைத் தொடாமல் ஒன்றுக்கொன்று சமநிலையில் இருக்க வேண்டும். ஒரு கம்பியைத் தவறுதலாகத் தரையோடு சேர்த்துவிட்டால் சமநிலை குலைந்து, அருகில் ஓடும் மின்விநியோகக் கம்பிகளின் உறுமல் முழுவதும் பேச்சுக்குள் புகுந்துவிடும். ஆகவே 600 ஓம் மின்மறுப்புக்குப் பொருந்திய ஒரு மின்மாற்றி நடுவில் வைக்கப்படுகிறது. ஒலி காந்தப்புலம் வழியாகத் தாண்டும், இரு பக்கத்துச் சுற்றுகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இந்த மின்மாற்றிக்குள் நேர்மின்னோட்டத்தை ஓடவிட்டால் அதன் இரும்பு உள்ளகம் காந்தத்தால் நிரம்பி ஒலியைச் சிதைக்கும் என்பதால், ஒரு மின்தேக்கியால் நேர்மின்னோட்டத்தைத் தடுத்து அதை வேறொரு சுற்றின் வழியாக ஓடச் செய்வதோ, அந்த ஓட்டத்தைத் தாங்கும்படி பெரிய உள்ளகத்தோடு மின்மாற்றியைச் செய்வதோ வழக்கம். கோபுரத்தின் மேல் மின்னல் விழும் இடம் என்பதால் கம்பி நுழையும் இடத்தில் வாயு நிரப்பிய பாதுகாப்புக் குழல்களும் வேண்டும். பக்கத்திலேயே சில பத்து வாட் திறனுள்ள ஒலிபரப்பி நிற்பதால், தொலைபேசிக் கம்பி தானே ஓர் ஆண்டெனாவாக நடந்துகொண்டு அந்த அலையை உள்ளே கொண்டுவந்து கரகரப்பாக மாற்றிவிடாதபடி, சிறு மின்தேக்கிகளும் ஃபெரைட் வளையங்களும் வைக்கப்படும்.

அழைப்பு மணியை உணர்வதும், பிடியை எடுத்ததுபோல் நடிப்பதும் எளிய வேலைகள். ஒரு மின்தேக்கி வழியாக மாறுமின்னோட்டத்தை மட்டும் உள்ளே விட்டு ஓர் ஒளிப்பிணைப்பியை (குறியை ஒளி வழியாகக் கடத்தும் சிறு உறுப்பு) எரியவைத்தால் மணி அடிப்பது தெரிந்துவிடும். மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ஒரு ரிலேயை மூடினால் இணைப்பகம் தொலைபேசி எடுக்கப்பட்டுவிட்டது என்று எண்ணிக்கொள்ளும். எண்களைச் சுழற்றுவதற்கு வயர்லெஸ் கருவி பொருத்திய வண்டியில் இருப்பவர் தம் மைக்கிலுள்ள விசைகளை அழுத்தினால் போதும். ஒவ்வொரு விசைக்கும் இரண்டு அலைவெண்கள் சேர்ந்து ஒலிக்கும். எடுத்துக்காட்டாக 5 என்பது 770 ஹெர்ட்ஸும் 1,336 ஹெர்ட்ஸும் சேர்ந்தது. அந்த இரட்டைத் தொனிகள் பேச்சுக்குரிய அலைவெண் எல்லைக்குள்ளேயே இருப்பதால் வானொலி வழியாகத் தடையின்றி வந்துவிடும். ஆனால் தூரத்து வண்டியிலிருந்து இரைச்சலோடு வரும் தொனியை அப்படியே கம்பியில் விடாமல், பெட்டி அதைப் புரிந்துகொண்டு தானே புதிதாக உண்டாக்கி அனுப்புவதே நல்ல பழக்கம்.

இனி இந்தப் பெட்டியின் இதயத்துக்கு வருவோம். தொலைபேசிக் கம்பியிலிருந்து வரும் குரலை ஒலிபரப்பிக்குக் கொடுக்க வேண்டும், வாங்கியிலிருந்து வரும் குரலைத் தொலைபேசிக் கம்பியில் விட வேண்டும். நேராக இணைத்துவிட்டால் என்ன ஆகும்? வாங்கியின் குரல் கம்பிக்குப் போகும் வழியிலேயே ஒலிபரப்பியின் உள்ளீட்டுக்கும் போய்விடும், ஏனென்றால் இரண்டும் அதே கம்பியில்தான் தொங்குகின்றன. இதைத் தடுக்கும் கருவிக்கு ஹைப்ரிட் என்று பெயர். இது நாம் வீட்டில் பயன்படுத்தும் பழைய தொலைபேசிக்குள்ளும் இருப்பதுதான், நம் குரலே நம் காதில் பலமாக விழாமல் காப்பதுதான்.

ஹைப்ரிடின் தந்திரம் தராசின் தந்திரம். தராசின் ஒரு தட்டில் உண்மையான தொலைபேசிக் கம்பி இருக்கிறது, மறுதட்டில் அந்தக் கம்பியைப் போலவே மின்சாரத்துக்கு நடந்துகொள்ளும் ஒரு போலிக் கம்பி, அதாவது மின்தடைகளும் மின்தேக்கிகளும் சேர்ந்த ஒரு சிறு சுற்று இருக்கிறது. வாங்கியின் குரல் இரண்டு தட்டுகளிலும் சமமாக விழும்படி மின்மாற்றிகளின் சுருள்கள் சுற்றப்பட்டிருக்கின்றன. தட்டுகள் சமமாக இருந்தால் முள் அசையாது, ஒலிபரப்பியின் உள்ளீடு அந்த முள்ளின் இடத்தில் இருப்பதால் அதற்கு எதுவும் கேட்காது. ஆனால் தொலைவிலிருந்து கம்பி வழியாக வரும் குரல் ஒரு தட்டில் மட்டும் விழுவதால் முள் அசைகிறது, ஒலிபரப்பிக்கு அது கேட்கிறது. இதற்கு ஒரு விலை உண்டு: வாங்கியின் ஆற்றலில் பாதி, யாருக்கும் பயனில்லாமல் போலிக் கம்பியில் வீணாகிறது.

அழகான ஏற்பாடுதான், ஆனால் போலிக் கம்பி உண்மைக் கம்பியை எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவுக்கே தராசு சமநிற்கும். உண்மைக் கம்பி இணைப்பகத்திலிருந்து 500 மீட்டரில் இருக்கலாம், 5 கிலோமீட்டரில் இருக்கலாம், நடுவில் நிலத்தடிக் கேபிளும் தூண்களில் தொங்கும் கேபிளும் மாறி மாறி இருக்கலாம். ஒவ்வோர் அலைவெண்ணுக்கும் அதன் நடத்தை வேறு. ஆகவே எந்த ஹைப்ரிடும் முழுமையாகப் பிரிப்பதில்லை, எப்போதும் ஏதோ கொஞ்சம் கசியும். நிறுவுகிறவர் ஒரு சிறு திருகைத் திருகிக் கசிவு மிகக் குறைவாக இருக்கும் இடத்தைக் காதால் தேடி நிறுத்துவார்.

இந்தக் கசிவு ஏன் முக்கியம் என்பது அடுத்த கேள்வியோடு தெரியவரும். தொலைபேசியில் இருப்பவரிடம் பொத்தான் இல்லையே, அவர் பேசும்போது ஒலிபரப்பியை இயக்குவது யார்? மிகப் பழைய விடை, மனிதர். 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பெல் நிறுவனம் வண்டிகளுக்கான தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோது, ஒவ்வோர் அழைப்பையும் ஓர் இணைப்பாளர் கையால் இணைக்க வேண்டியிருந்தது. வண்டியில் இருந்தவர் பொத்தானை அழுத்தித்தான் பேச முடிந்தது. பொத்தான் இல்லாமல் பேசவும் தாமே எண் சுழற்றவும் வண்டிக்காரருக்கு வழி செய்த மேம்பட்ட சேவை 1964இல்தான் வந்தது. வியட்நாம் போரின்போது அமெரிக்க வீரர்கள் வீட்டுக்குப் பேசுவதற்கு அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் உதவினார்கள். வியட்நாமிலிருந்து சிற்றலையில் வரும் குரலை அமெரிக்காவில் ஓர் ஆர்வலர் தம் வீட்டுத் தொலைபேசியோடு பேட்ச் வழியாக இணைப்பார். அரிசோனாவில் செனட்டர் பேரி கோல்டுவாட்டரின் வீட்டிலிருந்த நிலையம் இவற்றுள் பெயர்பெற்றது. அந்த அழைப்புகளில் தாயும் மனைவியும்கூட ஒவ்வொரு முறை பேசி முடித்ததும் "ஓவர்" என்று சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நடுவில் இருந்தவர் சுவிட்சைத் திருப்புவார். பொத்தான் இல்லாத தொலைபேசிக்கு அந்தச் சொல்லே பொத்தானாக இருந்தது.

மனிதரை நீக்கிவிட்டு இயந்திரத்தை வைத்தால் அதற்கு வாக்ஸ் என்று பெயர்: குரல் கேட்டால் ஒலிபரப்பியை இயக்கு, குரல் நின்றால் நிறுத்து. இதன் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் உருவாக்கிய கார்ட்டர்போன். எண்ணெய் வயல்களிலும் பண்ணைகளிலும் வயர்லெஸ் வைத்துக்கொண்டிருந்தவர்கள் தொலைபேசியில் இருப்பவரோடு பேச வேண்டும் என்பதற்காக 1959 முதல் அவர் அதை விற்றார். அதில் தொலைபேசிக் கம்பியோடு மின்தொடர்பே இல்லை. தள நிலையத்தில் இருப்பவர் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றிவிட்டுப் பிடியைப் பெட்டியின் மேலுள்ள தொட்டிலில் வைத்துவிடுவார்; பிடியின் வாய்ப்பக்கத்துக்கு எதிரே ஓர் ஒலிபெருக்கியும், காதுப்பக்கத்துக்கு எதிரே ஒரு மைக்கும் இருக்கும். தொலைபேசிக்காரர் பேசினால் வாக்ஸ் ஒலிபரப்பியை இயக்கும், அவர் நிறுத்தினால் வயர்லெஸ் மீண்டும் கேட்கத் தொடங்கும். கம்பியைத் தொடாத இந்தப் பெட்டியைக்கூட, அந்நியக் கருவிகளைத் தன் வலைப்பின்னலோடு இணைக்கக் கூடாது என்ற கட்டண விதியைக் காட்டி அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி எதிர்த்தது. வழக்கு அமெரிக்காவின் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் சென்று, 1968 ஜூனில் அந்த விதி நியாயமற்றது என்று தீர்ப்பானது. பிற்காலத்தில் பதில் சொல்லும் கருவி, ஃபேக்ஸ், மோடம் எல்லாம் யாருடைய தயவும் இல்லாமல் தொலைபேசிக் கம்பியில் செருகப்பட்டதற்கு வழி திறந்தது அந்தத் தீர்ப்புத்தான். எண்ணெய் வயல்காரர்களுக்கான ஒரு வயர்லெஸ் தொட்டில் இவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று கார்ட்டரே எதிர்பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

வாக்ஸின் குறைகள் அதைப் பயன்படுத்திப் பார்த்தால்தான் புரியும். குரல் தொடங்கி, அது குரல்தான் என்று சுற்று உணர்ந்து, ஒலிபரப்பி முழுத் திறனுக்கு வந்து, மறுமுனை வாங்கி திறந்துகொள்வதற்குள் நொடியின் ஒரு சிறு பங்கு கழிந்துவிடுகிறது. "வணக்கம்" என்று சொன்னது "ணக்கம்" என்று போய்ச் சேரும். சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் ஒலிபரப்பி அணைந்துவிடாதபடி சற்றுக் காத்திருக்கும் நேரத்தையும் அமைக்க வேண்டும். அதை நீளமாக வைத்தால் மறுமுனைக்காரர் பதில் சொல்லத் தொடங்கியும் இங்கு கேட்காது. குறுகலாக வைத்தால் ஒருவர் மூச்சுவிடும் இடைவெளியில் முறை கைமாறிவிடும். தமிழில் இது ஆங்கிலத்தைவிட ஆபத்தானது என்பது என் எண்ணம். நம் மொழியில் எதிர்மறைச் சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. "லாரியை இன்றைக்கு அனுப்ப" என்று சொல்லி ஒருவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தில் கதவு மூடிக்கொண்டால், பின்னால் வருவது "வேண்டும்" என்பதா "வேண்டாம்" என்பதா என்று மறுமுனைக்குத் தெரியாமலே போகும்.

இப்போது ஹைப்ரிடின் கசிவுக்குத் திரும்புவோம். வண்டியிலிருந்து வரும் குரல் கம்பிக்குப் போகும்போது ஒரு பங்கு கசிந்து வாக்ஸுக்குக் கேட்டால், தொலைபேசிக்காரர் பேசுகிறார் என்று வாக்ஸ் எண்ணி ஒலிபரப்பியை இயக்கிவிடும். ஒரே அலைவரிசையில் பேசவும் கேட்கவும் செய்யும் நிலையம் என்றால் அக்கணமே வாங்கி அடைபட்டு வண்டியின் குரல் நின்றுபோகும். குரல் நின்றதும் வாக்ஸ் அணையும், மீண்டும் வண்டியின் குரல் கேட்கும், மீண்டும் கசியும். நிலையம் விக்கல் எடுத்ததுபோல் இயங்கி அணைந்துகொண்டே இருக்கும். வாங்கியில் குரல் இருக்கும் வரை வாக்ஸின் காதைப் பொத்தும் ஒரு சுற்றைச் சேர்ப்பதுதான் இதற்கு வழக்கமான மருந்து. டயல் தொனியும் இதே வகையான தொல்லை. அமெரிக்காவில் 350, 440 ஹெர்ட்ஸ் சேர்ந்து இடைவிடாது ஒலிக்கும் அத்தொனியை ஒரு பேச்சு என்று வாக்ஸ் எண்ணிவிட்டால் ஒலிபரப்பி நிற்கவே நிற்காது, வண்டியில் இருப்பவர் எண்ணைச் சுழற்ற வழியே இராது.

வாக்ஸை நம்ப விரும்பாதவர்கள் வேறு வழி கண்டார்கள். தொலைபேசிப் பக்கத்துக்காக ஒலிபரப்பியைத் தொடர்ந்து இயக்கிக்கொண்டே, ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை கண்ணிமைக்கும் நேரம் அதை அணைத்து, வண்டி தன் பொத்தானை அழுத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது அந்த வழி. அழுத்தியிருந்தால் முறையை வண்டிக்குக் கொடுத்துவிடும், இல்லையென்றால் தொடரும். வண்டியில் கேட்பவருக்கு அந்தக் கண்ணிமைப்புகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு வெட்டாகக் கேட்கும் என்றாலும், முறையைத் தீர்மானிப்பது குரலின் சத்தம் அல்லாமல் ஒரு மனிதரின் விரல் என்பதால் குழப்பம் குறைவு. அனுப்பவும் வாங்கவும் இரு தனி அலைவரிசைகள் உள்ள ரிப்பீட்டர் நிலையமாக இருந்தால் இந்த எட்டிப்பார்ப்பும் தேவையில்லை. ஒலிபரப்பி அழைப்பு முழுவதும் இயங்கிக்கொண்டே இருக்கும், வண்டிக்காரர் பொத்தானை அழுத்தினால் அவர் குரல் கம்பிக்குப் போகும். அவர் அழுத்திக்கொண்டே பேசிக்கொண்டிருந்தால் தொலைபேசிக்காரர் எவ்வளவு கத்தினாலும் அவர் காதில் விழாது என்பது மட்டும்தான் மிச்சமுள்ள குறை.

ஒலியின் அளவையும் நிறத்தையும் பற்றி ஒரு சொல். தொலைபேசிக் கேபிளில் நூற்றுக்கணக்கான இணைகள் ஒட்டிக்கொண்டு ஓடுவதால், ஒன்றில் சத்தம் அதிகமானால் பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சில் அது கலந்து கேட்கும். அமெரிக்க விதிகளின்படி இணைக்கப்படும் கருவி மூன்று நொடிச் சராசரியில் மைனஸ் 9 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுத் திறனைச் சொல்லும் அலகு) அளவைத் தாண்டக்கூடாது. வயர்லெஸ் வாங்கியிலிருந்து வரும் ஒலியில் 67 முதல் 254 ஹெர்ட்ஸ் வரை, குழுவை அடையாளம் காட்டும் மெல்லிய தொனி ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். அதை வடிகட்டாமல் விட்டால் தொலைபேசிக்காரர் காதில் தொடர்ந்து ஒரு முரல் கேட்கும். பண்பலை ஒலிபரப்பில் உச்ச அலைவெண்களை வேண்டுமென்றே உயர்த்தி அனுப்புவது வழக்கமாதலால், கம்பியில் விடும் முன் அவற்றைத் தாழ்த்தியாக வேண்டும். மறந்தால் பேச்சு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

அழைப்பை முடிப்பதும் ஒரு சிக்கல்தான். தொலைபேசிக்காரர் வைத்துவிட்டார் என்பது மலையுச்சியில் ஆளில்லாமல் நிற்கும் பெட்டிக்கு எப்படித் தெரியும்? சில இணைப்பகங்கள் கம்பியின் மின்னோட்டத்தை ஒரு கணம் துண்டித்துக் குறிகாட்டும், சில வெறும் தொனியைத் தரும், சில ஒன்றும் சொல்லாது. ஆகவே நல்ல பெட்டி இவை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே, எதுவும் வராவிட்டாலும் சில நிமிடங்களில் தானே துண்டிக்கும் ஒரு கடிகாரத்தையும் வைத்திருக்கும்.

குத்தகைக் கம்பி

இதுவரை சொன்னது இணைப்பகத்தின் வழியாக யாரையும் அழைக்கக்கூடிய கம்பி. தீயணைப்பு, காவல், மின்வாரியம் போன்ற பணிகளில் வேறொரு வகை இணைப்பே அதிகம் பயன்பட்டது, எனக்கு மிகவும் பிடித்த பொறியியலும் அதில்தான் இருக்கிறது. வயர்லெஸ் நெடுந்தூரம் எட்ட வேண்டுமானால் தள நிலையம் மலையுச்சியில் இருக்க வேண்டும். ஆனால் பேசும் பணியாளர் நகரத்து அறையில் இருப்பார். இரண்டுக்கும் இடையே தொலைபேசி நிறுவனத்திடமிருந்து ஓர் இணைக் கம்பியை நிரந்தரமாக வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். அதில் மணி இல்லை, டயல் தொனி இல்லை, சில சமயம் பேட்டரி மின்னழுத்தமும் இல்லை, வெறும் செம்பு. இங்கே பணியாளரிடம் பொத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அவர் அழுத்திய பொத்தானை மலையுச்சிக்குக் கொண்டுபோக மூன்றாவது கம்பி இல்லை.

முதல் தீர்வு, பேச்சு போகும் அதே இணையில் ஒரு நேர்மின்னோட்டத்தையும் செலுத்துவது. பொத்தானை அழுத்தினால் ஏறக்குறைய 6 மில்லி ஆம்பியர் ஓடும், மலையுச்சியில் அதை உணர்ந்து ரிலே ஒலிபரப்பியை இயக்கும். ஓட்டத்தைக் கூட்டினால் இரண்டாம் அலைவரிசை, திசையை மாற்றினால் வேறொரு கட்டளை என்று சில ஆணைகளை இப்படிக் கொடுக்கலாம். எளிமையானது, மலிவானது, ஆனால் முனையிலிருந்து முனைவரை அறுபடாத செம்பு வேண்டும். தொலைபேசி நிறுவனங்கள் நடுவில் மின்மாற்றிகளையும், பல பேச்சுகளை ஒன்றாகக் கட்டி அனுப்பும் கருவிகளையும் வைக்கத் தொடங்கியபோது நேர்மின்னோட்டம் வழியிலேயே நின்றுவிட்டது. பேச்சு மட்டும் தாண்டியது.

பேச்சு மட்டுமே தாண்டுகிறது என்றால் கட்டளையையும் பேச்சின் வடிவில்தான் அனுப்ப வேண்டும். இதற்காக நிலைபெற்ற முறை மூன்று தொனிகளை வரிசையாகப் பயன்படுத்துகிறது. பணியாளர் பொத்தானை அழுத்தியதும் 2,175 ஹெர்ட்ஸ் தொனி பலமாக 120 மில்லி நொடி ஒலிக்கிறது. இதற்குக் காவல் தொனி என்று பெயர், 'வரப்போவது பேச்சு அல்ல, கட்டளை, விழித்துக்கொள்' என்பது இதன் பொருள். அடுத்து 40 மில்லி நொடிக்கு வேறொரு தொனி சற்று மெதுவாக ஒலித்து எந்தக் கட்டளை என்பதைச் சொல்லும். 1,950 ஹெர்ட்ஸ் என்றால் முதல் அலைவரிசையில் ஒலிபரப்பு, 1,850 என்றால் இரண்டாவதில். பிறகு பணியாளரின் குரல் தொடங்குகிறது, அந்தக் குரலுக்கு அடியில் அதே 2,175 ஹெர்ட்ஸ் தொனி, முதலில் ஒலித்ததைவிட 30 டெசிபெல் தாழ்ந்து, பொத்தானை அவர் விடும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். நிலையத்தில் மிகக் குறுகலான ஒரு வடிகட்டி அந்த ஒரே அலைவெண்ணை அரிந்து எடுத்துவிடுவதால், வயர்லெஸில் கேட்பவருக்கு அது தெரியாது.

தாழ்ந்த தொனியை விடாமல் ஓட்டுவது ஏன்? தொடங்கு என்று ஒரு கட்டளையும் நிறுத்து என்று ஒரு கட்டளையும் அனுப்பினால் போதாதா? போதாது. தொடங்கு என்ற கட்டளை போய்ச் சேர்ந்த பிறகு சாலை வெட்டும் இயந்திரம் கேபிளை அறுத்துவிட்டால், நிறுத்து என்ற கட்டளை ஒருநாளும் போய்ச் சேராது, ஒலிபரப்பி அலைவரிசை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். இந்த முறையில் நிறுத்து என்று எவரும் சொல்வதில்லை. தொனி நின்றுபோவதே நிறுத்தம். பணியாளர் பொத்தானை விட்டாலும், கம்பி அறுந்தாலும், கன்சோலில், அதாவது அவர் முன்னுள்ள கட்டுப்பாட்டுக் கருவியில், மின்சாரம் போனாலும் விளைவு ஒன்றே. முதலில் வரும் பலமான காவல் தொனிக்கும் இதேபோன்ற ஒரு காரணம் உண்டு. மனிதக் குரலில் 2,175 ஹெர்ட்ஸ் தற்செயலாக வந்துபோகும், சீட்டியடித்தால் நிச்சயம் வரும். ஆனால் அவ்வளவு பலத்தோடு, வேறு ஒலி கலக்காமல், 120 மில்லி நொடி நீடித்து, உடனே குறிப்பிட்ட மற்றொரு தொனியும் தொடர்வது தற்செயலாக நடக்காது.

மூன்று தொனிகளில் முதல் இரண்டுக்கு மட்டும் 160 மில்லி நொடி ஆகிறது. ஆகவே இத்தகைய கன்சோலில் உட்காரும் புதியவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், அழுத்து, கொஞ்சம் பொறு, பிறகு பேசு என்பது. பல கன்சோல்கள் ஒரே கம்பியில் தொங்கும்போது ஒருவர் பொத்தானை அழுத்திய தொனிகளை மற்ற கன்சோல்களும் கேட்டு, தம் விளக்குகளை மாற்றிக்கொண்டு, வேறொருவர் பேசுகிறார் என்று தம் பணியாளருக்குக் காட்டும். முறை யாருடையது என்ற செய்தி அங்கேயும் கம்பியிலேயே ஓடுகிறது.

வசதியிருந்தால் இரண்டு கம்பிகளுக்குப் பதிலாக நான்கு கம்பிகளை வாடகைக்கு எடுப்பார்கள்: போவதற்கு ஓர் இணை, வருவதற்கு ஓர் இணை. ஹைப்ரிடும் கசிவும் இல்லை, பேசிக்கொண்டே கேட்கவும் முடியும். இணைப்பகங்களுக்கு இடையே ஓடும் டிரங்குக் கம்பிகளில் பழக்கமான இ, எம் என்ற இரு குறிக் கம்பிகளும் கருவியில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். எம் என்பது நம் கருவி மறுமுனைக்குச் சொல்வது, இ என்பது மறுமுனை நமக்குச் சொல்வது. நினைவில் வைக்க வாய், காது என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்வார்கள். கன்சோலின் பொத்தான் எம் கம்பியை இயக்க, அது மறுமுனையில் இ கம்பியாக வந்து ஒலிபரப்பியை இயக்கும். வாங்கியில் யாரோ பேசும் குறி இதே வழியில் எதிர்த்திசையில் திரும்பி வரும். வாக்ஸ் இல்லை, ஊகம் இல்லை, பேச்சுக்குள் ஒளிந்த தொனியும் இல்லை.

செம்புக் கம்பிகள் இப்போது ஒவ்வொரு நாடாக விடைபெற்றுக்கொண்டிருக்கின்றன. பிரிட்டனில் பழைய தொலைபேசி வலைப்பின்னலை நிறுத்த 2027 ஜனவரியைக் காலக்கெடுவாக வைத்திருக்கிறார்கள். மலையுச்சிக்கு இணைய நெறிமுறையில் பாக்கெட்டுகள் போகின்றன. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடக்கூடிய தள நிலையங்களை எவரும் அதற்காகத் தூக்கி எறிவதில்லை. இரு முனைகளிலும் ஒரு மாற்றுப் பெட்டியை வைத்து, பழைய கம்பி இன்னும் இருக்கிறது என்று நிலையத்தை நம்பவைக்கிறார்கள். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. அலைவரிசை அகலத்தை மிச்சம்பிடிப்பதற்காக மனிதக் குரலுக்கென்றே வடிவமைத்த இறுக்கமான சுருக்கமுறை ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். குரல் நன்றாகவே போகும். பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒலிபரப்பி சில முறை இயங்கும், சில முறை இயங்காது. சுருக்கமுறைக்குத் தூய தொனி என்பது குரல் அல்ல, அதை அது சிதைத்தே கொடுக்கும். தொலைபேசி இணைப்பகங்கள் பயன்படுத்திய, நொடிக்கு 64 கிலோபிட் எடுத்துக்கொள்ளும் பழைய ஜி.711 முறைக்கு மாற்றினால் 2,175 ஹெர்ட்ஸ் முழுதாகப் போய்ச் சேரும், மலையுச்சியில் ரிலே மீண்டும் 'டக்' என்று மூடிக்கொள்ளும்.